வாகைத் தூள்

எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பெப்பர் மில்லுக்கு வராது. சாப்பாட்டு மேஜையில் மூன்று நிற்கின்றன. அடுப்படியில் ஒன்று. ஷோகேஸில், என் மனைவி பத்திரமாகச் சேர்த்து வைத்த பீங்கான் பொம்மைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒரு முழு வரிசை. மில் என்றதும் மாவு மில்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். கைக்கு அடக்கமான மரக்குடுவை. தலையைப் பிடித்துத் திருகினால் அடியில் மிளகு நொறுங்கித் தூளாக விழும். பெரிய ஓட்டல்களில் ஒருவர் பயபக்தியோடு கொண்டுவந்து நம் சூப்பின் மேல் திருகுவாரே, அதேதான். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அது இருக்கிறது. எல்லாம் என் கைவேலை. யாராவது புது வீடு கட்டிக் குடிபோனால் பெப்பர் மில். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் பெப்பர் மில். “பல்லே முளைக்காத குழந்தைக்கு மிளகு எதுக்குப்பா?” என்று பெங்களூரிலிருந்து என் மகள் போனில் கேட்டாள். அவளுக்கு நக்கல் அதிகம். என்னிடமிருந்துதான் வந்திருக்கும்.

மறைமலைநகர்ப் பக்கம் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடப் பிரிவில் இருந்தேன். ஆள் குறைத்தபோது பூச்செண்டு கொடுத்து என்னையும் அனுப்பி வைத்தார்கள். ஓய்வு பெறும் வயதுக்கு இன்னும் காலம் இருந்தது. என் மனைவி கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவள் காலையில் கிளம்பிப் போனதும் நான் ஹாலில் உட்கார்ந்து சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பேன். பேப்பர் போடுகிறவரோடு சண்டை. தண்ணீர் கேன் கொண்டுவருகிறவரோடு சண்டை. ஷேர் ஆட்டோ தாமதமாகி அவள் சற்றுப் பிந்தி வந்தால் அதற்கும் ஒரு சண்டை. சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது, காலையில் விட்டுப்போன இடத்திலேயே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். காப்பி போடுவாள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பிறகு காரை விற்றேன். கார் இருந்த இடத்தில் மரம் கடையும் சின்ன லேத் ஒன்று வந்து உட்கார்ந்தது. வரைபடத்தில் ஆயிரம் அச்சுகளைக் கோடாக இழுத்தவன், அன்றைக்குத்தான் ஒரு கட்டை உருளுவதைக் கையால் உணர்ந்தேன். சதுரக் கட்டையை இரண்டு முனைகளிலும் பிடித்து இறுக்கி லேத்தை ஓடவிட்டால் முதலில் படபடவென்று அடிக்கும். உளியை வைத்து மெல்ல மெல்லச் சீவ, மூலைகள் உதிர்ந்து உருண்டையாகும். அப்போது அந்தப் படபடப்பு அடங்கி ஒரே சீரான ரீங்காரமாக மாறும். அந்த மாற்றத்துக்காகவே திரும்பத் திரும்பச் செய்யலாம். அப்புறம் நடுவே துளை போட வேண்டும். இடுப்பு, கழுத்து, தலை என்று வளைவுகள் எடுக்க வேண்டும். உள்ளே வைக்கும் அரைக்கும் பாகம் மட்டும் கடையில் வாங்குவது. கடைசியில், ஓடுகிற மரத்தின் மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் மேனி கண்ணாடி மாதிரி வழவழக்கும். அதற்கு மேல் ஒரு துளி எண்ணெய். மரத்தின் ரேகை அப்படியே விழித்துக்கொள்ளும்.

உப்புத்தாள் தேய்க்கும்போது வருவது சுருளல்ல, தூள். உளி சீவுகிற சுருள் காலடியில் விழுந்துவிடும், பெருக்கி எடுத்துவிடலாம். இந்தத் தூள் விழாது. பவுடர் மாதிரி காற்றிலேயே நின்றுகொண்டு யார் மூக்கு கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

என் மனைவியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் சபையின் பாடகர் குழுவில் அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சோப்ரானோ, அதாவது பெண்களின் உச்சக்குரல். மற்றவர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து ஆராதனையில் கலந்துகொள்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் மட்டும் தனிக்கட்டையாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் முன்னால், வெள்ளைப் புடவை வரிசையில் நிற்பாள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, திமிர்தான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு பாட்டு உண்டு. அதன் கடைசிச் சரணத்தில் எல்லாரும் நிறுத்திவிட, ஒரே ஒரு குரல் மட்டும் மேலே ஏறிப்போய் அங்கேயே சற்று நின்று இறங்கும். அந்தக் குரல் வருடா வருடம் என் வீட்டுக் குரல். பக்கத்தில் இருப்பவர் யாராவது திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினால், நானே பாடியதுபோலப் பதிலுக்குத் தலையாட்டுவேன்.

அந்த இடத்துக்கு அவள் மழைக்காலம் தொடங்கும் முன்பே பழக ஆரம்பித்துவிடுவாள். அடுப்படி ஜன்னல், வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற பக்கவாட்டுச் சந்தைப் பார்த்து இருக்கிறது. கார் ஷெட்டின் ஒரு சுவரும் அதே சந்தில்தான். சாம்பார் கொதிக்கும்போது அவள் அந்த வரியைப் பாடுவாள். நான் லேத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து கேட்பேன். அவள் பாடி முடித்ததும் மறுபடி லேத்தைப் போடுவேன். இப்படியே போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

ஒருநாள் லோடு ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. மரம் அறுக்கிறவர் இறங்கினார்.

“இன்னா சார், லேத்து ஓட்றவர் வூடு இதானே? வேளச்சேரி ரோட்டாண்ட ஒரு காம்பவுண்டுல வாகை மரம் சாச்சிக்கினு கீறாங்க. சும்மா அடுப்புக்குப் போவுது. ஒனக்கு வோணுமா?”

வேண்டாம் என்று சொல்ல நான் என்ன முட்டாளா? கட்டைகளை இறக்கி, முனைகளில் மெழுகு பூசி, மாடிப்படிக்கு அடியில் அடுக்கி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் காயவிட்டேன். பிறகு ஒன்றை லேத்தில் ஏற்றினேன். உள்ளே காப்பிக் கொட்டை நிறத்தில் வைரம் பாய்ந்த நடுமரம். பொன்னிற வரிகள். அதுவரை கடைந்த பூவரசும் மாமரமும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. உப்புத்தாளை வைத்ததும் தும்மல் ஆரம்பித்தது. ஒன்றல்ல, தொடர்ந்து. கண்ணில் நீர் கொட்டியது. தொண்டை அரித்தது. இணையத்தில் தேடினேன். வாகைத் தூள் மூக்குக்கும் மூச்சுக்கும் ஆகாது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று மரம் கடைகிறவர்கள் எல்லாரும் எழுதி வைத்திருந்தார்கள். அதாவது, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதிகூட எனக்கு இல்லை.

ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன், என்னைப் பொறுத்தவரை. நல்ல முகமூடி ஒன்று வாங்கினேன். ஷெட்டில் தூள் தங்காமல் இருக்க எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட முடிவு செய்தேன். தெருப் பக்கம் மாட்டினால் எதிர்வீட்டுக்காரரின் வண்டியில் போய்ப் படியும், அவர் சண்டைக்கு வருவார். அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நல்ல பிள்ளையாகச் சந்துப் பக்கம் சுவரை உடைத்து மாட்டினேன். ஃபேனைப் போட்டால் தூள் மேகமாகக் கிளம்பி வெளியே போய்விடும். என் தும்மல் நின்றது. “எப்படி என் ஐடியா?” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஃபேனைப் பார்த்தாள், சந்தைப் பார்த்தாள். “நல்லாருக்குங்க” என்றாள்.

வெளியே என்று நான் நினைத்தது எங்கள் வீட்டுச் சந்து. அங்கேதான் துணிக்கொடி. அங்கேதான் அடுப்படி ஜன்னல்.

அவளுக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் சளி என்றோம். ஏரிப் பக்கம் குப்பை கொளுத்துகிறார்கள் என்றேன் நான். எதிரே அடுக்குமாடி எழும்புகிறது, சிமென்ட் தூசி என்றேன். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் என்றேன். இப்போதெல்லாம் யாரும் சாக்பீஸால் எழுதுவதில்லை, மார்க்கர்தான் என்று அவள் சொன்னாள். “அப்ப மார்க்கர்தான்” என்றேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடுகிற லாரிகளையும் மாநகராட்சியையும் சேர்த்துத் திட்டினேன். யாரையாவது உரக்கத் திட்டிக்கொண்டிருந்தால் மனசின் குறுகுறுப்பு கொஞ்சம் அடங்கியது. குறுகுறுப்பு இருந்தது என்பதிலேயே விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது என்று ஆகிறது.

சாயங்காலங்களில் அவளுக்கு நானே மிளகுப் பால் போட்டுக் கொடுத்தேன். சூடான பாலில் மஞ்சள் தூள், பனங்கற்கண்டு, அதன் மேல் மிளகு. மிளகை என் மில்லால்தான் திருகினேன். இருப்பதில் அழகானது என்று வாகை மில்லை எடுத்துத் திருகினேன். அவளும் குடித்துவிட்டு, “இதமா இருக்குங்க” என்றாள்.

அந்த வருடம் மழைக்கு முன்பே அவள் பாட்டுக்குப் பழக ஆரம்பித்தாள். மேலே ஏறுகிற இடம் வந்ததும் குரல் உடைந்தது. இரண்டாகக் கிழிந்ததுபோல ஒரு ஓசை, அப்புறம் இருமல். குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர், எங்களைவிட இளையவர், ஒத்திகை முடிந்ததும் வாசல்வரை வந்தார். “அக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. கிறிஸ்துமஸுக்கு நிறைய டைம் இருக்கு. அந்த இடத்துக்கு வேற யாரையும் நான் யோசிக்கலை” என்றார். அவள் சிரித்தாள். ஸ்கூட்டரில் ஏறியதும் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வழக்கமாக அப்படிச் செய்கிறவள் அல்ல.

டாக்டரிடம் போனோம். அவர் அவளை ஒரு குழாயில் ஊதச் சொன்னார், மறுபடி ஊதச் சொன்னார். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்றார். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

“வீட்டுல தூசி வர்ற மாதிரி ஏதாவது உண்டா மேடம்? பூனை, புறா, பெயின்ட், மர வேலை, இந்த மாதிரி?”

மர வேலை என்ற சொல் அறையில் நின்றது. என் எதிரே சுவரில் மருந்துக் கம்பெனி காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. நான் அந்தக் குழந்தையின் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். ‘நான் லேத் வச்சிருக்கேன் டாக்டர்’ என்ற ஒரே வாக்கியம். மேல் பல் வரிசையை எண்ணி முடித்துக் கீழ் வரிசைக்குப் போனேன்.

“அப்படி எதுவும் இல்ல டாக்டர்” என்றாள் என் மனைவி.

அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். மர வேலை என்றால் கட்டில், அலமாரி செய்கிற தச்சு வேலை என்று நினைத்திருப்பாள், ஷெட் அவளுக்கு நினைவுக்கு வந்திருக்காது என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். இன்ஹேலர் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினோம். வழியில் மருந்தின் விலையைப் பற்றி அரசாங்கத்தைத் திட்டினேன்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அறுப்பின் பண்டிகை வந்துகொண்டிருந்தது. எங்கள் சபையில் அன்று அவரவர் வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் போடுவார்கள். வாழைத்தார், பூசணிக்காய், கோழி, கேக் எல்லாம் வரும். முந்தின வருடம் என் பெப்பர் மில்லுக்கு நடந்த போட்டியை இன்னமும் பேசுகிறார்கள். இந்த வருடம் ஒரு கூடை நிறையத் தருகிறேன் என்று ஆயரிடம் வாய்விட்டிருந்தேன். அவரும் அதை ஆராதனையில் அறிவித்துவிட்டார். ஆண்டவருக்கென்று சொல்லிவிட்டு நிறுத்தலாமா என்று எனக்குள் ஒரு பக்தி பொங்கியது. வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்தி வருவதில் எனக்கு ஒருநாளும் குறையில்லை. உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது பந்தலில் அந்தக் கைதட்டல்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அவள் வீட்டில் இருக்கும்போது லேத்தைத் தொடுவதில்லை. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு மட்டும் கடைவேன், அவள் வருவதற்குள் பெருக்கித் துடைத்துக் குளித்தும்விடுவேன். என் தியாகத்தை நினைத்து எனக்கே நெஞ்சு விம்மியது. வீட்டு வேலையிலும் பங்கெடுத்துக்கொண்டேன். அவளுக்கு மூச்சு வாங்குகிறதே என்று துணி துவைத்துக் காயப்போடும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். தினமும் காலையில் அவள் போனதும் மெஷினிலிருந்து துணிகளை எடுத்துச் சந்தில் கொடியில் போடுவேன். அவளுடைய புடவைகளைச் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்துப் போடுவேன். பிறகு ஷெட்டுக்குள் போய், முகமூடி போட்டுக்கொண்டு, ஃபேனைப் போடுவேன்.

இதை எழுதும்போது கை நின்றுவிடுகிறது. வரைபடப் பிரிவில், ஒரு துளை எங்கே வந்தால் எங்கே ஒழுகும் என்று பார்ப்பதுதான் என் வேலை. ஈரப் புடவை, பக்கத்துச் சுவரில் ஃபேன், அதிலிருந்து வாகைத் தூள். எனக்கு அது தோன்றவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. ஆனால் தோன்றவில்லை. அவள் இல்லாத நேரம் என்பதை மட்டுமே பார்த்தேன். அந்தப் புடவைகளை அவள் உடுத்திக்கொள்வாள், முந்தானையால் முகம் துடைப்பாள் என்பது எட்டவில்லை.

பண்டிகை அன்று கூடை நிறைய மில்கள் போயின. பாடகர் குழு அவள் இல்லாமல் பாடியது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் ஆராதனையில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, “இன்னிக்கு ஜோடியா!” என்று சந்தோஷப்பட்டார். அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் விரலால் வரிகளின் மேல் போய்க்கொண்டிருந்தாள். ஏலத்தில் வாகை மில் ஒன்றைக் கடைசியாக வைத்தார்கள். ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கேட்டார்கள். பந்தல் முழுக்கக் கைதட்டியது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். கைதட்டிக்கொண்டே இருந்தவள் இருமல் வந்து வாயைப் பொத்தியபடி பந்தலுக்கு வெளியே போனாள். நான் அவள் பின்னால் போகவில்லை. மைக்கில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பண்டிகைக்குப் பிறகு நிறுத்துவதாக இருந்தேன். ஏலத்தில் கிடைக்காதவர்கள் கேட்டார்கள். இதை முடித்துவிட்டு, அதை முடித்துவிட்டு என்று நாள் போனது.

அப்படி ஒருநாள் அரைக்கும் பாகங்கள் தீர்ந்துபோயின. காலையில் கொஞ்சம் கடைந்துவிட்டு, வாங்குவதற்காகப் பாரிமுனைக்குக் கிளம்பினேன். மின்சார ரயில் பல்லாவரத்தில் நின்றதோடு சரி, ஏதோ கோளாறு, நகரவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தேர்வு, அன்று அவளும் சீக்கிரம் வந்திருக்கிறாள். முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கமாகப் போகலாம் என்று சந்துக்குள் நுழைந்தேன்.

அவள் கொடியருகே நின்றுகொண்டிருந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டை இறுகக் கட்டியிருந்தாள். கொடியிலிருந்து ஒரு வெள்ளைப் புடவையை எடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு உதறினாள். காப்பித் தூள் நிறத்தில் ஒரு புகை எழுந்தது. மறுபடி உதறினாள். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். என் சட்டை ஒன்றையும் அதேபோல உதறினாள். பிறகு ஒரு ஈரத்துணியால் கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துடைத்தாள். தினமும் செய்கிற வேலையைச் செய்கிற கை அது. எந்த இடத்தில் நின்றால் தூள் தன் மேல் விழாது என்று அவளுக்குப் பழகியிருந்தது.

“என்ன பண்றே?” என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். துண்டைக் கீழே இறக்கினாள். மாட்டிக்கொண்டது அவள்தான் என்பது மாதிரி முகம். “அதுக்குள்ள வந்துட்டீங்களா? ட்ரெயின் இல்லியா?”

“இது எத்தனை நாளா நடக்குது?”

“ஃபேன் மாட்டினதுலேருந்துதான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

அவள் புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வரவேண்டிய கோபம்தான், வாய் வழியாக அவள் மேல் போனது. “டாக்டர் அவ்ளோ தெளிவா கேட்டார். மர வேலை உண்டான்னு கேட்டார். நீ எதுவும் இல்லைன்னு சொன்னே. உனக்கென்ன பைத்தியமா?”

“நான் உங்க பக்கம் திரும்பினேங்க” என்றாள். “டாக்டர் கேட்டதும் முதல்ல உங்களைத்தான் பார்த்தேன். நீங்களே சொல்வீங்கன்னு நினைச்சேன். நீங்க காலண்டரைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க. சரி, இவருக்கு அது அவ்ளோ வேணும்போலன்னு தோணிச்சு. அதான் இல்லைன்னுட்டேன்.”

அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

“கம்பெனியை விட்டு வந்த அப்புறம் நீங்க ஹால்ல உட்கார்ந்திருப்பீங்களே” என்று அவள் மெதுவாகச் சொன்னாள். “கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி வாசல்லயே கொஞ்சம் நின்னுட்டுத்தான் வருவேன். இன்னிக்கு எப்படி இருக்காரோன்னு. லேத் வந்த அப்புறம்தான் அது நின்னுச்சு. பாட்டு போனா பரவால்லன்னு இல்ல. ஆனா நீங்க அப்படி உட்கார்ந்திருக்கறதுக்கு இந்த இருமல் பரவால்லன்னு நினைச்சுக்கிட்டேன்.”

அவள் தோளிலிருந்த புடவைகளை வாங்கிக்கொண்டேன். அவற்றை மறுபடி மெஷினில் போட்டேன். ஃபேனைக் கழற்றினேன். மறுநாள் டாக்டரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டு, “முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்” என்று மட்டும் சொன்னார்.

லேத்தை விற்றுவிடுகிறேன் என்றேன். அவள் விடவில்லை. “வித்துட்டு மறுபடி ஹால்ல உட்காரவா?” என்றாள். ஊரப்பாக்கத்தில் அவள் அண்ணனுடைய காலி மனையில் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அவளே போனில் பேசி ஏற்பாடு செய்தாள். இப்போது லேத் அங்கே. ரயிலில் போய்வருகிறேன். கடைந்து முடித்ததும் அங்கேயே குளித்து வேறு உடை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவேன். வாகையை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அங்கே ஒரு மாங்கட்டை படபடப்பு அடங்கி ரீங்காரம் எடுக்கும்போது எனக்கு இன்னமும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது.

அவளுக்கு இருமல் பெரும்பாலும் போய்விட்டது. மூச்சு வாங்குவதில்லை. குழுவிலும் மறுபடி சேர்ந்துவிட்டாள், கீழ்க்குரலில். வெள்ளைப் புடவைகளின் வரிசையில் முன்பு வலது பக்கம் நின்றவள் இப்போது இடது பக்கம் நிற்கிறாள். நான் பழையபடி தனிக்கட்டை. அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டின் இடத்தை அவளிடம் படித்த ஒரு பெண் பாடினாள். என் மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் நன்றாகப் பாடினாள். எல்லாரும் பாராட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல முன்னால் திரும்பிக்கொண்டார்.

கார் ஷெட் காலியாகக் கிடக்கிறது. ஃபேன் இருந்த ஓட்டையை நான் அடைக்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உண்மையில் அதை அடைக்க எனக்கு மனசில்லை. சாயங்காலம் அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அந்த ஓட்டை வழியாக அடுப்படிச் சத்தம் அப்படியே வருகிறது. நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் அவளுக்கு எது தெரியாது என்று அடித்துச் சொல்ல நான் தயாராக இல்லை.

நேற்றும் உட்கார்ந்திருந்தேன். குக்கர் சத்தம் அடங்கியதும் அவள் ஆரம்பித்தாள். கீழ்க்குரல் வரிகளை அல்ல, அந்தப் பழைய கடைசிச் சரணத்தை. குரல் மெல்ல ஏறியது. இருமல் இல்லை, உடைசல் இல்லை. நான் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் நிறுத்திவிட ஒரு குரல் மட்டும் மேலே போகும் அந்த இடத்துக்கு முன்வரை வந்தது. அங்கே நின்றது. பிறகு மிளகுப் பாலுக்குப் பாத்திரத்தில் பால் ஊற்றும் ஓசை, அதன் பின்னால் மிளகு நொறுங்கும் ஓசை. ஒவ்வொரு மில்லுக்கும் திருகுகிற சத்தம் வேறு. அது வாகை மில்.